தங்கைக்கு ஒரு தனி வாசல்

எனக்குப் பொறுமை கிடையாது. சோறு வேகும் வரை காத்திருப்பேன். அதற்கு மேல் என்னால் ஆகாது. அப்படிப்பட்ட நான் அறுபதைத் தாண்டிய பிறகு, கிள்ளானில் உள்ள என் வீட்டின் பக்கத்துச் சுவரை ஒட்டி இன்னொரு சின்ன வீட்டைக் கட்டக் கிளம்பினேன். ஓர் அறை, ஒரு குளியலறை, ஒரு சமையல்கட்டு, தனியாக ஒரு வாசல். யாருக்கு என்று கேட்டால், என் தங்கைக்கு. அவள் வருவாளா என்று கேட்டால், அது எனக்கே தெரியாது. தெரியாமல்தான் கட்டினேன்.

என் தங்கை என்னைவிட நான்கு வயது இளையவள். இடைநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; கேட்டவர்களிடமெல்லாம் நேரமில்லை என்று சொல்லி அந்தப் பேச்சை ஒரேயடியாக முடித்துவிட்டாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் வெகுகாலம் வாடகைக்கு இருந்தாள். கீழே பூக்கடை, எதிரே சாப்பாட்டுக் கடை, கூப்பிடு தூரத்தில் ரயில் நிலையம். அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், வருடக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். செய்தி கேட்ட அன்றே நான் அவளை அழைத்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேர் என்றேன். அவள் கோலாலம்பூருக்கு வடக்கே செலாயாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். பன்னிரண்டாம் மாடியாம். காற்று நன்றாக வருகிறதாம்.

காற்று வருகிறதாம். கிள்ளானில் நாங்கள் எல்லாம் இத்தனை நாளாய் மூச்சு விடாமலா இருக்கிறோம்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஓர் ஊரில் சாமான்களைப் பிரித்து அடுக்குவதற்குள் அடுத்த ஊருக்கு மாற்றல் வந்துவிடும். நான் படிப்பில் மந்தம், அதனால் அவர்களோடு ஊர் ஊராகச் சுற்றினேன். அவள் கெட்டிக்காரி. படிப்பு கெடக்கூடாது என்று கோலாலம்பூரில் சொந்தக்காரர் வீடுகளில் விட்டுவிட்டார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதில்லை. ஆனாலும் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பதும், வீட்டுக்காரர்கள் எழும் முன்பே பாயைச் சுருட்டி வைப்பதும், எல்லாரும் குளித்து முடிக்கும் வரை துண்டோடு ஓரமாக நிற்பதும் அவளுடைய பள்ளிக்கூடக் காலம் முழுவதும் நடந்தது. முதல் சம்பளம் வாங்கிய மாதமே தனியாக ஓர் அறை எடுத்தாள். அன்றிலிருந்து சாவி அவள் கைப்பையில்தான் இருக்கிறது.

அதனால் நான் விடாமல் நச்சரித்தபோது, தேர்வுத்தாள் கொடுப்பதுபோல அவள் தன் நிபந்தனைகளைக் கொடுத்தாள். தனி வாசல், தனி அடுப்பு, தனிக் குளியலறை. தட்டாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. எல்லாவற்றையும் முடித்துக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்றாள். அவள் வாயில் 'பார்க்கலாம்' என்பது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. செலாயாங் வீட்டுக்காரரிடமும் அவள் அதையேதான் சொல்லி வைத்திருந்தாள்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். நல்ல வேலை, நல்ல மருமகள், பண்டிகைக்குப் பண்டிகை வருவார்கள். மற்ற நாட்களில் நான் தொலைக்காட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு என் தங்கை பக்கத்தில் வேண்டும். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல எதுவும் இல்லை.

எங்களுடையது வரிசை வீடுகளில் கடைசியாக இருக்கும் மூலை வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே ஒரு தகரக் கொட்டகையும், அதற்குள் என் வீட்டுக்காரர் என்றாவது பழுது பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போன சாமான்களும், வாசல் பக்கமாக ஒரு கறிவேப்பிலை மரமும் இருந்தன. கொட்டகையை எடுத்துவிட்டால் ஒருவர் தாராளமாக வாழ இடம் வரும். மரத்தை மட்டும் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

வேலையை எடுத்துக்கொண்டவர் பண்டமாரானைச் சேர்ந்த ஒரு குத்தகையாளர். உடம்பு பெரிது, குரல் சின்னது. யாரும் எதையும் கேட்டு அவர் முடியாது என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. சன்னல் பெரிதாக வேண்டும் என்றால் 'செஞ்சிரலாம்' என்பார். பெரிய சன்னல் வேண்டாம், வெயில் வரும் என்றால் அதற்கும் 'செஞ்சிரலாம்'தான். பிற்பாடு வந்த குழப்பம் அத்தனைக்கும் இந்த ஒரு சொல்தான் காரணம். அவரிடம் ஜாவாவிலிருந்து வந்த இரண்டு ஆட்கள் வேலை செய்தார்கள். காலையில் வந்ததும் ஒரு சின்ன ஒலிப்பெட்டியில் டங்டுட் என்கிற தங்கள் ஊர்ப் பாட்டைப் போட்டுவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவார்கள். முதல் வாரம் அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த வாரம் நான் அந்தப் பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு நாளும் ஆட்கள் போன பிறகு கைப்பேசியில் படம் எடுத்துத் தங்கைக்குப் புலனம் என்கிற வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். கொட்டகை போன படம். குழி தோண்டிய படம். கம்பி கட்டிய படம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் பதிலாக வரும். அவ்வளவுதான். ஒரு மனுசி வெயிலில் நின்று, அலமாரிக்குள் இருக்கும் பட்டுப் புடவை வரைக்கும் படியும் தூசியைத் தின்றுகொண்டிருக்கிறாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சுவர் எழும்ப ஆரம்பித்த அன்று மட்டும் எழுத்தில் பதில் வந்தது. மேற்கு மூலையில் சுவர் சாய்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தாள். நான் பதறிப்போய்க் குத்தகையாளரை அழைத்தேன். அவர் பண்டமாரானிலிருந்து திரும்பி வந்து, மட்டப்பலகை வைத்து, நூல் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்தார். சுவர் நேராகத்தான் இருந்தது. நான்தான் கைப்பேசியைக் கோணலாகப் பிடித்துப் படம் எடுத்திருக்கிறேன். இதை அவளுக்கு எழுதும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கணக்கு டீச்சருக்கே கணக்கு தப்பிவிட்டதே. ஆனால் அவள் அசரவில்லை. படத்தை நம்ப முடியாது, சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்றாள்.

அந்த வரியை நான் மூன்று நான்கு தடவை படித்தேன். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அன்றிலிருந்து எல்லாப் படங்களையும் கோணலாகவே எடுத்தேன். குளியலறையைப் பாதி மட்டும் எடுத்தேன். தண்ணீர்க் குழாய் வரும் இடத்தை என் விரலால் மறைத்துக்கொண்டு எடுத்தேன். சன்னல் எங்கே என்று கேட்டு எழுதினால், இருக்கிறதே என்று மட்டும் பதில் போட்டேன். வயதான காலத்தில் இப்படி ஒரு திருட்டுத்தனம் செய்வதில் இருக்கிற சுகமே தனி.

சனிக்கிழமை அவள் கொமுட்டர் ரயிலில் வந்தாள். குடை, தொப்பி, கைப்பைக்குள் அளவு நாடா. கூடவே பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு பொட்டலம் பிசாங் கோரேங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கி வந்திருந்தாள், ஆட்களுக்கு என்று. எனக்கு ஒன்று கொடுத்தாள், அதுவும் சின்னதாகப் பார்த்து, உனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று ஞாபகப்படுத்திவிட்டு. அறையை அளந்தாள். சன்னலை அளந்தாள். அடுப்பு மேடை வரப்போகும் இடத்தில் நின்று, கற்பனையாக ஒரு சட்டியைக் கிளறிப் பார்த்து, உயரம் சரியில்லை என்றாள். என் உயரத்துக்குப் போட்டிருந்தார்கள். அவள் என்னைவிடக் குள்ளம். குத்தகையாளர் செஞ்சிரலாம் என்றார்.

அடுத்த வாரம் புதன்கிழமையும் வந்தாள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆட்கள் இருவரும் அவளைச் 'சிகு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட டீச்சரை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் வராத நாட்களில் சிகு எங்கே என்று என்னைக் கேட்பார்கள். பிசாங் கோரேங்குக்காகக் கேட்கிறார்களா, அவளுக்காகக் கேட்கிறார்களா என்று தெரியாது. நான் ஒரு மாதமாகத் தே தாரிக் தேநீர் ஆற்றிக் கொடுக்கிறேன், என்னை ஒருவரும் எங்கே என்று தேடியதில்லை. எங்கே தேடுவது, நான்தான் எப்போதும் அவர்கள் தலைக்கு மேலேயே நிற்கிறேனே.

மதியம் என் வீட்டில் சாப்பிடுவாள். சாப்பிட்டதும் தட்டைக் கழுவி வைப்பாள், அடுப்பைத் துடைப்பாள், உட்கார்ந்திருந்த நாற்காலியைக்கூட உள்ளே தள்ளி வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவாள். அவள் போன பிறகு பார்த்தால், அவள் வந்துபோன தடமே வீட்டில் இருக்காது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு கோப்பையையாவது கழுவாமல் விட்டுப் போயிருக்கலாம்.

பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்குத் தரை ஊற்றிய நாள் எனக்கு மறக்காது. காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. காங்கிரீட்டைக் கொட்டி, பரப்பி, ஆட்கள் வழித்து முடித்த நேரத்தில் கிள்ளான் மழை வந்தது. எங்கள் ஊர் மழை சொல்லிவிட்டு வராது. குத்தகையாளர் வேறொரு வேலைக்குப் போயிருந்தார். ஆட்கள் ஓடிப்போய் லோரியில் இருந்த நீலக் கென்வாஸ் தார்ப்பாயை எடுத்து வந்தார்கள். கட்டுவதற்குக் கம்பம் இல்லை, கயிறும் இல்லை. அவர்கள் இரண்டு மூலையைப் பிடித்தார்கள். நான் ஒன்றைப் பிடித்தேன். என் தங்கை குடையைத் தூக்கி எறிந்துவிட்டு நான்காவது மூலையைப் பிடித்தாள்.

காற்று அந்தக் கென்வாஸைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நடுவில் தண்ணீர் சேர்ந்து தொங்கும். ஒரு பக்கமாகச் சாய்த்து வெளியே கொட்டுவோம். கொட்டிய தண்ணீர் நேராக என் தலையில் விழும். அவள் தொப்பி போன இடம் தெரியவில்லை. ஆட்கள் பாட்டுப் பாடினார்கள். என் தங்கை, மாணவர்கள் பார்த்தால் நடுங்கும் அந்தக் கணக்கு டீச்சர், சேலை முழங்கால் வரை ஏறிக் கிடக்க, சிரித்துக்கொண்டே நின்றாள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பில் அவள் கால் வழுக்கி, ஈரக் காங்கிரீட்டில் பாதம் முழுதாக இறங்கிவிட்டது.

மழை விட்டதும் ஆட்களில் ஒருவர் அந்தக் குழியை நிரவ மட்டக்கட்டையோடு வந்தார். விடுங்கள், எப்படியும் மேலே கல் பதிக்கத்தானே போகிறோம் என்று நான் தடுத்துவிட்டேன். அவள் அப்போது குளிக்கப் போயிருந்தாள். அவளுக்கு இது தெரியாது. தரைக் கல்லுக்கு அடியில் அவளுடைய இடது பாதம் அப்படியே இருக்கிறது.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலையில் ஒரு கதவுதான் வம்பை இழுத்து வந்தது.

என் சமையல்கட்டுக்கும் அவளுடைய சமையல்கட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதில் ஒரு கதவு வைக்க வேண்டும் என்று நான் ஆரம்பத்திலேயே குத்தகையாளரிடம் சொல்லியிருந்தேன். ரசம் மிஞ்சினால் கொடுக்க வேண்டும். ராத்திரி யாருக்காவது தலை சுற்றினால் குரல் கொடுக்க வேண்டும். வாசல் வழியாக என்றால் அவளுடைய கதவைத் தாண்டி, கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி, என் வீட்டு இரும்புக் கதவைத் திறந்து, கூடத்தைக் கடந்து வர வேண்டும். அதற்குள் ரசம் ஆறிவிடும்.

தங்கைக்கு அந்தக் கதவு வேண்டாம். கதவு இருந்தால் அது திறந்தே கிடக்கும், திறந்து கிடந்தால் நான் தட்டாமல் உள்ளே போவேன் என்பது குத்தகையாளரிடம் அவள் சொன்ன வாதம். நியாயமான வாதம்தான். என்னை எனக்கே தெரியும். ஆனால் இதை நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவே இல்லை. நான் வாயைத் திறந்து, அவள் முறுக்கிக்கொண்டு செலாயாங்குக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். அவளுக்கு, நான் அழுது தொலைப்பேனோ என்று பயம். அதனால் அவள் வந்த நாளில் குத்தகையாளரைத் தனியாகக் கூப்பிட்டு அந்த இடத்தை அடைத்துவிடச் சொல்லியிருக்கிறாள். அவர் செஞ்சிரலாம் என்றிருக்கிறார். மறுநாள் பாசாரில் காய்கறி வாங்கி வந்து பார்த்தால், கதவு வர வேண்டிய இடத்தில் செங்கல் ஏறியிருக்கிறது. நான் அதைப் பிரிக்கச் சொன்னேன். அதற்கும் செஞ்சிரலாம். பிரித்தார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஏறியிருந்தது.

இது அவள் வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆட்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

இடுப்பளவுக்குச் செங்கல் ஏறியிருந்த ஒரு புதன்கிழமை, நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நின்றோம். நான் குத்தகையாளரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், பிறகு செங்கல்லிடமே பேசினார்.

"டீச்சர் வேணாம்னாங்க. நீங்க வேணும்னீங்க. நான் என்னாக்கா செய்யறது? பாதி ஏத்தியாச்சு லா. மேல ஒரு சன்னல் வச்சிரட்டுமா?"

இருவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. தங்கைதான் முதலில் தேறினாள். சன்னல் என்றால் தாழ்ப்பாள் தன் பக்கம் இருக்க வேண்டும் என்றாள். அப்படியானால் சாமான் வைக்கிற பலகை என் பக்கம் இருக்க வேண்டும் என்றேன் நான். எதற்காக அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. அவள் ஒன்று கேட்டால் நானும் ஒன்று கேட்க வேண்டாமா. அப்படித்தான் எங்கள் இருவர் சமையல்கட்டுக்கும் நடுவே, இடுப்புக்கு மேலே, இரண்டு கதவு போட்ட ஒரு சன்னல் வந்தது. அன்று ரயிலுக்குப் புறப்படும்போது, செலாயாங் வீட்டுக்காரர் மறுபடியும் கேட்டதாகச் சொன்னாள். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, நீ என்ன சொன்னாய் என்றேன். புது வீட்டில் பால் காய்ச்சி முடிந்த பிறகு சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

பால் காய்ச்சுவது என் ஆசை. அவளுக்கு நல்ல நேரம் கெட்ட நேரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் புதுச் சுவருக்குள் முதலில் பால்தான் பொங்க வேண்டும், அது பொங்கி வழிகிற வீட்டில் ஒரு குறையும் வராது என்பதில் நான் ஒற்றைக் காலில் நின்றேன். உன் திருப்திக்குச் செய்துகொள் என்றாள். அந்த நாளைத்தான் அவளும் முடிவு சொல்லக் கெடுவாக வைத்துக்கொண்டாள் என்றதும், எனக்கு அதன் பிறகு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடைசி இரண்டு வாரம் பறந்துவிட்டது. கல் பதித்தார்கள், சாயம் அடித்தார்கள். நான் மஞ்சள் கேட்டேன், அவள் வெளிர்ப்பச்சை கேட்டாள். வெளிர்ப்பச்சையே அடித்தார்கள், நன்றாகத்தான் இருந்தது. வாசல் கதவுக்கு மூன்று சாவிகள் வந்தன. குத்தகையாளர் அவற்றை என் கையில்தான் கொடுத்தார். ஒன்றை மட்டும் என் அரிசி டின்னுக்குள் போட்டு வைத்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு மத்தியானம் முழுவதும் யோசித்தேன். பிறகு மூன்றையும் ஒரே வளையத்தில் கோத்து அவளிடம் கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்தாள். எண்ணிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுப்பை அவளே வாங்கி வந்தாள். மின்சாரத்தில் ஓடும் இண்டக்‌ஷன் அடுப்பு. எரிவாயுத் தோம்பு தூக்க ஆள் தேட வேண்டாம், தீ இல்லை, துடைப்பதும் சுலபம் என்று எனக்கு ஒரு வகுப்பே எடுத்தாள். எனக்கு அதில் பிடிக்காத விஷயம், அதை ஒரு பையில் போட்டு ஒரே கையில் தூக்கிக்கொண்டு வந்தாள் என்பதுதான். அப்படி வந்தது அப்படியே செலாயாங்குக்கும் போகும். அந்த அடுப்புக்கு என் பித்தளைப் பானை ஆகாதாம். காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டுமாம். கிள்ளான் கடைத்தெருவில் என் குளிர்பெட்டிக் கதவிலிருந்து எடுத்த மீன் பொம்மைக் காந்தத்தோடு ஒவ்வொரு பாத்திரமாக ஒட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். கடைக்காரர் எங்களைத் திருடர்கள் என்று நினைத்தாரா, பைத்தியங்கள் என்று நினைத்தாரா என்று இன்னும் எனக்குத் தெரியாது. கடைசியில் ஓர் எவர்சில்வர் பாத்திரத்தில் மீன் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தேன். குத்தகையாளர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஆட்கள் இருவரும் தலையைப் படிய வாரி, அவர்களா இவர்கள் என்று கேட்கும்படி நின்றார்கள். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா ஓர் அன்னாசிப்பழத்தோடு வந்தார். புது வீட்டுக்குள் அன்னாசியை உருட்டிவிட்டால் அதிர்ஷ்டம் உருண்டு வரும் என்பது அவர்கள் வழக்கம். அவர் வாசலில் நின்று உருட்டினார். அது அறையைத் தாண்டி, சமையல்கட்டுக்குள் ஓடி, அந்தச் சன்னலுக்குக் கீழே சுவரில் முட்டி நின்றது.

வந்தவர்களுக்குத் தேநீர் போட வேண்டுமே என்று என் வீட்டுச் சமையல்கட்டில் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பாலை எரிவாயு அடுப்பில் வைத்துவிட்டு, நான் வாசல் வழியாகச் சுற்றி இந்தப் பக்கம் வந்தேன். தங்கை புதுப் பாத்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்க விட்டாள். பாலை ஊற்றினாள். அடுப்பில் பால் குவளைப் படம் போட்ட ஒரு பொத்தான் இருந்தது. கச்சிதமாக அதை அழுத்தினாள். நாங்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றோம்.

பால் சூடானது. ஆவி வந்தது. மேலே ஆடை படிந்தது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்து, இதோ எழும்பப் போகிறது என்று நான் மூச்சைப் பிடித்தபோது, அடுப்பு 'டிங்' என்றது. குமிழி அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஆவி, மறுபடியும் ஆடை, மறுபடியும் ஒரு டிங். குத்தகையாளர் வரும் வரும் என்று முணுமுணுத்தார். சீனத்து அம்மா என்னையும் பாலையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது. தங்கை பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். அது டிங் டிங் என்று சத்தம் போட்டதே தவிர, பால் அசையவில்லை.

அவள் முகத்தைப் பார்த்தேன். நல்ல நேரத்தில் நம்பிக்கை இல்லாதவளின் காது மடல் சிவந்திருந்தது. இந்த வீட்டில் எல்லாவற்றையும் அளந்து பார்த்தவள், தன் அடுப்பில் தன் பால் பொங்க வேண்டும் என்று மனதுக்குள் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும் குரலில். "பொங்கமாட்டேங்குது."

அவ்வளவுதான், போய்விடுவாள் என்று நினைத்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, பால் சூடானாலே போதும் என்று நானே நம்பாத ஒன்றைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் தீய்ந்த பால் வாசம் மூக்கில் ஏறியது. சன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து 'உஸ்' என்ற சத்தம். நான் தேநீருக்கு வைத்த பால். அதை அடியோடு மறந்தே போயிருந்தேன்.

நான் ஓடினேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் நாலடியில்தான் அடுப்பு, ஆனால் கைக்கு எட்டாது. அவளுடைய வாசலைத் தாண்டி, கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி, என் இரும்புக் கதவைத் தள்ளி, கூடத்தில் முட்டியை இடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சமையல்கட்டுக்குள் போய்ச் சேர்ந்தேன். பால் நாலா பக்கமும் பொங்கி வழிந்து, அடுப்பை நனைத்து, மேடையில் ஓடி, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நிமிர்ந்தேன். சன்னல் கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தன. என் பக்கத்துப் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு என் தங்கை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் மற்றவர்களின் தலைகள் தெரிந்தன. சீனத்து அம்மா கை தட்டினார்.

தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். மழையில் சிரித்தாளே, அதே சிரிப்பு. கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தாள். அந்தப் பால் பொத்தானே பால் பொங்காமல் பார்த்துக்கொள்வதற்காக வைத்ததுதான் என்பதைப் பிறகுதான் அடுப்போடு வந்த கையேட்டில் படித்துத் தெரிந்துகொண்டோம். பால் பொங்க வேண்டிய நாளில், பால் பொங்காமலிருக்கும் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தியிருக்கிறாள் என் கணக்கு டீச்சர்.

"பால் உன் அடுப்புலதான பொங்கியிருக்கு," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அப்போ நான் எந்த வீட்டுக்குக்கா குடி வரேன்?"

வரேன் என்றாள். அதை அவள் கவனித்துச் சொன்னாளா, வாய் தவறி வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முட்டி வலித்தது, அழுகை வந்தது, கையில் பால் பிசுபிசுத்தது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தச் சன்னலின் அடிக்கட்டையைக் கையால் தடவிப் பார்த்தாள். கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்துச் செலாயாங்குக்கு அழைத்தாள். அந்த வீட்டுக்காரரை வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள், வைத்துவிட்டாள். எல்லாம் நான் பார்க்க, அந்தச் சன்னலில் நின்றபடியே. அதன் பிறகுதான் திரும்பிக் குத்தகையாளரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அக்காவால இவ்ளோ தூரம் சுத்தி ஓட முடியாது. இந்தச் சன்னலத் தரை வரைக்கும் இறக்கிருங்க."

அவர் முதன்முறையாக, சன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

"செஞ்சிரலாம்," என்றார்.